சித்தி வீட்டு டயரியும் குற்றாலம் சீசனும்: கன்ஸ்யூமர் பேனல் எதைப் பார்க்கும், எதை விட்டுடும்?

(எபிசோடின் ஒலிப்பதிவை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் எங்க சித்தி. அவங்க இருக்கிறது தென்காசியில. சாரல் சீசனுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, அவங்க வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு பழைய டயரி கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா ஒவ்வொரு பக்கமும் கட்டம் கட்டமா இருக்கு. தேதி, பொருள், பிராண்டு, எத்தனை கிராம், என்ன விலை, எந்தக் கடை.

"என்ன சித்தி இது, வரவு செலவுக் கணக்கா?"ன்னு கேட்டேன்.

"அதுவா? ஒரு கம்பெனிக்கு ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்தேன்யா. மாசா மாசம் ஒரு பிள்ளை வந்து பாத்துட்டுப் போகும். வருஷக் கடைசில ஒரு குக்கர் தந்தாவ."

முதல் மாசப் பக்கங்கள் நிரம்பி வழியுது. தீப்பெட்டியைக் கூட விடல. கடைசிப் பக்கங்களுக்கு வந்தா மாசத்துக்கு நாலஞ்சு வரிதான். "இந்த மாசமெல்லாம் நீங்க சாமானே வாங்கலியா?"ன்னு கேட்டேன். சித்தி சிரிச்சாங்க. "வாங்காம எப்படிய்யா? ரெண்டு ரூபா ஷாம்பு பாக்கெட்டுக்கெல்லாம் யாரு ஒக்காந்து எழுதிக்கிட்டு இருப்பா?"

அந்த டயரிக்குப் பேர்தான் கன்ஸ்யூமர் பேனல். தமிழ்ல நுகர்வோர் குழுன்னு சொல்லலாம். நீங்க எந்த சோப்பு வாங்குறீங்கங்கிறதுல ஆரம்பிச்சு, இந்தியாவுல எத்தனை பேர் ஏழைங்கங்கிற கேள்வி வரைக்கும் பேனல் டேட்டா போய் நிக்குது. அதனால இது மார்க்கெட்டிங் ஆளுங்களோட சமாச்சாரம் மட்டும்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க.

பேனலுக்கும் சர்வேக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சர்வேயில ஒரு தடவை ஆயிரம் பேர்கிட்ட கேள்வி கேட்பாங்க. அடுத்த மாசம் கேட்கணும்னா வேற ஆயிரம் பேரைப் பிடிப்பாங்க. பேனல்ல அப்படிக் கிடையாது. அதே வீடுகள்கிட்ட, மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா, திரும்பத் திரும்பக் கேட்பாங்க. முறைகள் மட்டும்தான் வேற வேற. டயரி எழுதச் சொல்வாங்க, வாங்கின பொருளோட பார்கோடை ஸ்கேன் பண்ணச் சொல்வாங்க, காலி பாக்கெட்டுகளை ஒரு பையில சேர்த்து வைக்கச் சொல்வாங்க, டிவியில மீட்டர் மாட்டுவாங்க.

ஒரு உதாரணம். ஒரு ஊர்ல 100 வீடுகள் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒரு புது டீத்தூள் ஜனவரியில 40 பாக்கெட் வித்துச்சு, பிப்ரவரியிலயும் 40 பாக்கெட். கடைக்காரர் கணக்குல ரெண்டு மாசமும் ஒண்ணுதான். ஆனா இதுக்குப் பின்னாடி ரெண்டு கதை இருக்கலாம்.

முதல் கதை: ஜனவரியில வாங்கின அதே 40 வீடுகள் பிப்ரவரியிலயும் வாங்கிச்சு. டீ பிடிச்சிருக்கு. கம்பெனி நிம்மதியா தூங்கலாம்.

ரெண்டாவது கதை: ஜனவரியில வாங்கின 40 வீட்டுல ஒருத்தர் கூடத் திரும்ப வரல. பிப்ரவரியில வாங்கினது வேற 40 வீடு, விளம்பரத்தைப் பார்த்துட்டு வாங்கினவங்க. இன்னும் 20 வீடுதான் மிச்சம். ஏப்ரல்ல இந்த டீத்தூள் கடைத் தட்டுல தூசி பிடிச்சுக் கிடக்கும்.

விற்பனை எண்ணிக்கை இந்த ரெண்டு கதையையும் பிரிச்சுக் காட்டாது. வேற வேற ஆட்களைக் கேட்கிற சர்வேயாலயும் கஷ்டம். அதே வீட்டைத் தொடர்ந்து பார்த்தா உடனே தெரிஞ்சுடும். ஆப் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். நாம கோஹார்ட், ரிட்டென்ஷன்னு டாஷ்போர்டுல பார்க்கிறதை, இவங்க மளிகைச் சாமான்ல பார்க்கிறாங்க.

இந்த யோசனை சோப்பு விக்கிறதுக்கு மட்டும் உருவானதில்ல. 1940 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்துல, சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவரோட குழுவும் ஒஹாயோ மாநிலத்துல ஈரி கவுண்டிங்கிற இடத்துல 600 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் அவங்களையே திரும்பத் திரும்பச் சந்திச்சாங்க. பிரசாரத்தைக் கேட்டு ஜனங்க கட்சி மாறுறாங்களான்னு பார்க்கிறதுதான் நோக்கம். முழுசா மாறினவங்க கொஞ்சம் பேர்தான், பெரும்பாலானவங்களுக்குப் பிரசாரம் ஏற்கெனவே இருந்த சாய்வை உறுதிப்படுத்திச்சு. யார் எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் போனாங்கன்னு சொல்ல, அதே ஆட்களைத் திரும்பப் பார்க்கிறதைத் தவிர வேற நல்ல வழி கிடையாது.

லாக்டவுன்ல ஒரு பேனல் பிடிச்சுக் காட்டினது

இந்தியாவுக்கு வருவோம். சி.எம்.ஐ.இ.ன்னு மும்பையில ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் இருக்கு. 2014 ஜனவரியில இருந்து 'கன்ஸ்யூமர் பிரமிட்ஸ்'ங்கிற பேர்ல ஒரு பெரிய வீட்டுப் பேனலை நடத்துறாங்க. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு மாசத்துக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு மூணு தடவை. வருமானம், செலவு, வேலை, வீட்டுல என்னென்ன பொருள் இருக்கு, எல்லாம் கேட்பாங்க. அந்த டேட்டாவை கம்பெனிகளும் ஆராய்ச்சியாளர்களும் காசு கொடுத்து வாங்கலாம்.

2020 மார்ச்சுல லாக்டவுன் வந்துச்சு. வேலை போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேருக்குப் போச்சுன்னு உடனே சொல்ற அரசு டேட்டா கையில இல்ல. ஏப்ரல் மாசத்துல சுமார் 12 கோடிப் பேர் வேலை இழந்தாங்கன்னு சி.எம்.ஐ.இ. கணக்குதான் முதல்ல சொல்லுச்சு.

அதைவிட முக்கியமானது அடுத்த வருஷம் வந்துச்சு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இதே பேனல் டேட்டாவை வச்சு, லாக்டவுனுக்கு முன்னாடி வேலையில இருந்த அதே ஆட்களை வருஷக் கடைசி வரைக்கும் தொடர்ந்து பார்த்துச்சு. ஆண்கள்ல 7 சதவீதம் பேர் வேலையை இழந்து, 2020 முடியுற வரைக்கும் திரும்ப வேலைக்கு வரல. பெண்கள்ல அது 47 சதவீதம்.

இந்த ரெண்டு எண்ணையும் ஒரு நிமிஷம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 'வேலைவாய்ப்பு மீண்டு வருது'ன்னு மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தா, திரும்பி வராத அந்தப் பெண்கள் எங்கயும் தெரிஞ்சிருக்க மாட்டாங்க. போனவங்க யாரு, திரும்பினவங்க யாருன்னு பேர் பேரா கூடவே வந்த ஒரு பேனல் இருந்ததாலதான் இது வெளிச்சத்துக்கு வந்துச்சு. பேனலோட பலம் என்னன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல பதில் இல்ல.

ஆனா இதே பேனல்மேல ஒரு பெரிய கேள்வியும் எழுந்துச்சு. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி குற்றாலத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுவோம்.

குற்றாலம் சீசன்: வீட்டுக்குள்ள வராத வியாபாரம்

தென்காசி டவுன்ல இருந்து குற்றாலம் சில கிலோமீட்டர்தான். ஜூன்ல தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு எங்க பார்த்தாலும் கூட்டம். மத்த மாவட்டங்கள்ல இருந்தும் கேரளாவுல இருந்தும் வண்டி வண்டியா வருவாங்க. அப்புறம் கார்த்திகை, மார்கழியில ஐயப்ப பக்தர்கள் கூட்டம். குற்றாலத்துல நிரந்தரமா குடியிருக்கிறவங்க சில ஆயிரம் பேர்தான். சீசன்ல வந்துட்டுப் போறவங்க எண்ணிக்கைக்குப் பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல.

குற்றாலம் ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி இருக்கார். போன சீசன்ல ஒரு கம்பெனியோட சேல்ஸ் தம்பி டேப்லெட்டும் கையுமா வந்து, "அண்ணாச்சி, இந்தப் பக்கத்து வீடுகள்ல எங்க சோப்பு ரொம்ப ஓடல. அதனால சரக்கைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லியிருக்கார். அண்ணாச்சி என்கிட்ட சொன்னது இதுதான்: "தம்பி, வீட்ல ஓடாம இருக்கலாம். என் கடைல ஓடுதே! குளிக்க வந்தவன் சோப்பை வீட்ல இருந்தா கட்டிட்டு வருவான்? அருவியில சோப்பு போடக்கூடாதுன்னு போர்டு இருக்கு. ஆனா லாட்ஜ்ல குளிக்கணும்லா?"

அந்த சேல்ஸ் தம்பி பொய் சொல்லல. அண்ணாச்சியும் பொய் சொல்லல. வீட்டுப் பேனல் எண்ணுறது, வீட்டு வாசலைத் தாண்டி உள்ள வர்ற பொருளை. டூரிஸ்ட் வாங்கி லாட்ஜ்லயே விட்டுட்டுப் போற சோப்பு தென்காசியில எந்த வீட்டு டயரியிலயும் ஏறாது. அதே மாதிரிதான் ரோட்டோரத்துல நின்னு சாப்பிட்ட ரம்புட்டான், மங்குஸ்தான், பிரானூர் பார்டர்ல சாப்பிட்ட புரோட்டா, பஸ்ல கொறிச்ச நேந்திரம் சிப்ஸ். வெளிய சாப்பிடுறது, வெளிய குடிக்கிறது, பிரயாணத்துல வாங்குறது, இதெல்லாம் வீட்டுப் பேனல்ல லேசா நழுவிடும்.

இதுக்குத்தான் இன்னொரு முறை இருக்கு. கடைத் தணிக்கை, அதாவது ரீடெய்ல் ஆடிட். 1930-கள்ல அமெரிக்காவுல ஆர்தர் நீல்சன் இதைப் பெரிய தொழிலாவே ஆக்கினார். கணக்கு எளிது. மாச ஆரம்பத்துல கடையில இருந்த சரக்கு, கூட்டல் இடையில வந்து இறங்கின சரக்கு, கழித்தல் மாசக் கடைசியில மிச்சம் இருக்கிற சரக்கு. வர்றதுதான் விற்பனை. யார் வாங்கினாங்கன்னு கடைத் தணிக்கைக்குத் தெரியாது. எவ்வளவு போச்சுன்னு நல்லாத் தெரியும். பேனலுக்கு நேர் எதிர்: யார் வாங்கினாங்கன்னு தெரியும், மொத்தம் எவ்வளவு போச்சுன்னு சரியாத் தெரியாது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்திருந்தா, அண்ணாச்சி கடைக்கு சீசன் நடுவுல சரக்கு குறைஞ்சிருக்காது.

டயரி களைச்சுப் போகும்

இப்போ சித்தி டயரிக்குத் திரும்புவோம். அவங்க எழுத்து மாசா மாசம் குறைஞ்சது அவங்க சோம்பேறிங்கிறதால இல்ல. எந்த மனுஷனுக்கும் அது நடக்கும். பேனல் நடத்துறவங்க இதைப் பேனல் களைப்புன்னு சொல்வாங்க. முதல்ல உதிர்றது சின்னப் பொருள்கள்தான். சாஷே, மிட்டாய், ஒத்தைப் பிஸ்கட் பாக்கெட். தமிழ்நாடு மாதிரி சாஷேயிலயே ஒரு பெரிய ஷாம்பு சந்தையை உருவாக்கின ஊர்ல, இந்த உதிர்வு சின்ன விஷயம் இல்ல.

அடுத்தது பழக்க மாற்றம். சித்தி சொன்னாங்க: "அந்தப் பிள்ளை வருதுன்னா நல்ல டீத்தூளா ஒண்ணு வாங்கி வைப்பேன். லூஸ்ல வாங்குததை எழுத ஒரு மாதிரியா இருக்கும்லா?" யாரோ நம்ம கணக்கைப் பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா, நம்ம நடத்தையே லேசா மாறும். லாசர்ஸ்ஃபெல்ட் குழு 1940-லயே இந்தச் சந்தேகத்தோடதான் இறங்குச்சு. திரும்பத் திரும்பக் கேட்கிறதால ஆளே மாறிடுறாரான்னு பார்க்க, ஒரே ஒரு தடவை மட்டும் சந்திச்ச வேற குழுக்களைத் தனியா வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க.

மூணாவது, விட்டுட்டுப் போறது. வீடு மாறுவாங்க, வெளியூர் போவாங்க, கல்யாணம் ஆகும், சலிப்பு வரும். போறவங்க எல்லா வகையிலயும் சமமா போனா பரவாயில்ல. வாடகை வீட்டுல இருக்கிறவங்க, வேலை தேடி இடம் மாறுறவங்க, இவங்கதான் அதிகம் போவாங்க. நாளாக ஆக, பேனல்ல மிஞ்சுறது நிலையா ஒரே இடத்துல இருக்கிற, கொஞ்சம் வசதியான வீடுகள். நம்ம ஆப்ல, போன யூசர்களை விட்டுட்டு இருக்கிற யூசர்களை மட்டும் கேட்டு 'எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க'ன்னு ரிப்போர்ட் போடுற மாதிரிதான் இது.

சின்ன பேனல், பெரிய காசு

எல்லாருக்கும் தெரிஞ்ச பேனல் ஒண்ணு இருக்கு: டி.ஆர்.பி. ஒளிபரப்பாளர்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் சேர்ந்து 2010-ல ஆரம்பிச்ச பார்க் நிறுவனம், 2015-ல இருந்து இந்த எண்களை வெளியிடுது. சேனலோட ஒலியில நம்ம காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு இருக்கும். பேனல் வீட்டுல இருக்கிற மீட்டர் அதைப் பிடிச்சுக்கும். வீட்டுல யார் பார்க்கிறாங்கன்னு சொல்ல, ஒவ்வொருத்தரும் ரிமோட்ல அவங்கவங்க பட்டனை அமுக்கணும்.

2020-ல இந்தியாவுல டிவி இருந்த வீடுகள் சுமார் 21 கோடின்னு பார்க் மதிப்பிட்டுச்சு. மீட்டர் இருந்த வீடுகள் சுமார் 44 ஆயிரம். அப்படின்னா ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 4,700 வீடுகளுக்காகப் பேசுது. இது தன்னளவுல தப்பு இல்ல. ஒரு சட்டி சாம்பாருக்கு உப்பு சரியான்னு பார்க்க ஒரு கரண்டி போதும், நல்லாக் கலக்கி இருந்தா. பெரிய சேனல்களுக்கு இந்த எண்ணிக்கை தாராளம். கொஞ்சம் பேர் மட்டும் பார்க்கிற சேனல்கள்ல சில வீடுகள் பக்கம் மாறினாலே ரேட்டிங் ஆடும்.

அதனாலதான் பேனல் வீடுகள் எதுன்னு ரகசியமா வைக்கிறாங்க. 2020 அக்டோபர்ல மும்பை போலீஸ், சில மீட்டர் வீடுகளுக்குக் காசு கொடுத்து குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னதா குற்றம் சாட்டுச்சு. பார்க் நியூஸ் சேனல்களோட ரேட்டிங்கை நிறுத்தி வச்சது. அது திரும்ப வந்தது 2022 மார்ச்சுலதான். அந்த வழக்கைத் திரும்பப் பெறுறதுக்கு மகாராஷ்டிர அரசு பின்னாடி விண்ணப்பிச்சு, 2024-ல நீதிமன்றம் அனுமதிச்சுடுச்சு. அதனால யார் என்ன செஞ்சாங்கன்னு இங்க தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா வடிவமைப்புல இருக்கிற பலவீனம் என்னன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. கோடிக்கணக்கான விளம்பரக் காசு சில ஆயிரம் வரவேற்பறைகளை நம்பி நிக்குது.

டி.ஆர்.பி. கதையில எனக்கு இன்னொண்ணும் முக்கியமாப் படும். பார்க்குக்கு முன்னாடி இருந்த டாம் நிறுவனத்தோட பேனல்ல கிராமங்கள் இல்ல. 2015 அக்டோபர்ல பார்க் கிராமங்களையும் சேர்த்து எண்களை வெளியிட்டதும், இந்தியில இலவசமாக் கிடைக்கிற சேனல்கள் பட்டியல்ல மடமடன்னு மேல ஏறுச்சு. ஒரே வாரத்துல மக்கள் ரசனை மாறல. அவங்க எப்பவும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குத்தான் அவங்களை எண்ண ஆரம்பிச்சாங்க.

கதவைத் திறக்காத வீடு

சித்தி வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்காங்க. பீடி சுத்துறாங்க. தென்காசி வட்டாரத்துல ஆயிரக்கணக்கான வீடுகள்ல பெண்கள் செய்ற வேலை அது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு. அந்தப் பேனல் பிள்ளை முதல்ல அவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கு. அக்கா மடியில இருந்த தட்டைக் கீழ வைக்காமலே, "நேரமில்ல தாயி, அடுத்த வீட்ல கேளு"ன்னு அனுப்பிட்டாங்க. எழுதுற நேரத்துல எத்தனை பீடி சுத்தலாம்! அந்தக் கணக்கு அவங்களுக்குத் தெரியும். ரெண்டு வீடு தள்ளி, சித்தி கதவைத் திறந்தாங்க. பேனல்ல அந்தத் தெருவுக்கான இடம் நிரம்பிடுச்சு.

யாரும் தப்பு பண்ணல. ஆனா அந்த அக்காவோட அரிசி, எண்ணெய், அவங்க குறைச்சுக்கிட்ட பால், எதுவும் அந்த டேட்டாவுல கிடையாது.

இப்போ சி.எம்.ஐ.இ. மேல எழுந்த கேள்விக்கு வரலாம். 2021-ல பொருளாதார அறிஞர் ஜான் டிரேஸும் அன்மோல் சோமஞ்சியும், இந்தப் பேனல்ல ஏழை வீடுகள் குறைவா இருக்குன்னு எழுதினாங்க. அரசோட குடும்ப நலக் கணக்கெடுப்பு மாதிரியான மத்த பெரிய கணக்கெடுப்புகளோட ஒப்பிட்டா, இந்தப் பேனல் வீடுகள்ல மின்சாரம், கழிப்பறை, டிவி எல்லாம் கூடுதலா இருந்துச்சு. ஒரு காரணமா அவங்க சுட்டிக்காட்டினது, வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம். ஊர்ல மெயின் தெருவுல இருந்து ஆரம்பிக்கிறாங்க. அங்க போதுமான வீடு கிடைக்கலன்னாதான் உள் தெருவுக்குப் போறாங்க. நம்ம ஊர்ல மெயின் தெருவுல யார் இருப்பாங்க, ஊர்க் கடைசியில யார் இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். சி.எம்.ஐ.இ. தலைமையில இருக்கிற மகேஷ் வியாஸ் இதுக்குப் பதில் எழுதினார். விவாதம் பகிரங்கமாவே நடந்துச்சு. அது ஆரோக்கியமான விஷயம்.

சரி, மெயின் தெருவா உள் தெருவாங்கிறது இவ்வளவு பெரிய விஷயமா? விஷயம்தான். அரசு குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு 2011-12-ல நடந்துச்சு. 2017-18-ல எடுத்த அடுத்த கணக்கெடுப்போட முடிவுகளை, தரம் சரியில்லன்னு சொல்லி அரசு வெளியிடல. அடுத்தது 2022-23-லதான். இடையில பத்து வருஷத்துக்கு மேல, இந்தியாவுல ஏழ்மை கூடுச்சா குறைஞ்சுச்சான்னு சொல்ல அதிகாரபூர்வமான செலவுக் கணக்கே இல்ல. அந்த வெற்றிடத்துல ஆராய்ச்சியாளர்கள் கையில எடுத்தது இந்தத் தனியார் பேனலைத்தான். 2022-ல வெளியான ஒரு உலக வங்கி ஆய்வுக் கட்டுரையும் இதை வச்சுத்தான் ஏழ்மையை மதிப்பிட்டுச்சு. டேட்டாவை அப்படியே எடுத்துக்காம, வீடுகளுக்கான எடையை மாத்தித் திருத்தினதுக்கு அப்புறம்.

எடை மாத்துறதுன்னா என்ன? பேனல்ல ஏழை வீடு 10 இருக்க வேண்டிய இடத்துல 5 இருந்தா, அந்த அஞ்சு வீட்டையும் ஒவ்வொண்ணையும் ரெண்டா எண்ணுவாங்க. நல்ல உத்திதான். ஆனா உள்ள வந்த ஏழை வீடும், உள்ள வராத ஏழை வீடும் ஒரே மாதிரி வாழுதுன்னு அதுக்குள்ள ஒரு நம்பிக்கை இருக்கு. டயரி எழுத நேரம் இருக்கிற ஏழையும், தட்டைக் கீழ வைக்க முடியாத ஏழையும் ஒண்ணா? அந்த அக்காவை எந்தப் பெருக்கலாலயும் கொண்டு வர முடியாது. யாராவது போய், சாயங்காலம் அவங்க வேலையை முடிச்சதுக்கு அப்புறம் உட்கார்ந்து கேட்கணும்.

லாக்டவுன்ல வேலை இழந்த பெண்களைக் காட்டிக் கொடுத்த பேனலும், ஏழைகளைத் தவறவிட்டதா கேள்வி எழுந்த பேனலும் ஒண்ணேதான். அதைக் கண்மூடி நம்பவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். அதே ஆட்கள் எப்படி மாறினாங்கன்னு கேட்டா பேனல் நல்லா பதில் சொல்லும். ஊர்ல மொத்தம் எத்தனை பேர் இப்படின்னு கேட்டா, முதல்ல அந்த ஊரோட எந்தத் தெருவைப் பார்த்தீங்கன்னு திருப்பிக் கேட்கணும்.

சரி பண்ண என்ன வழி?

முதல் வழி, ஆட்களைச் சுழற்சியில மாத்துறது. அரசோட தொழிலாளர் கணக்கெடுப்புல 2025 ஜனவரியில இருந்து ஒரு வீட்டுக்கு அடுத்தடுத்த நாலு மாசம் நாலு தடவை மட்டும் போவாங்க. அப்புறம் அந்த வீட்டை விட்டுட்டு வேற வீடு. மாற்றத்தையும் பார்க்கலாம், களைப்பும் முத்தாது. நஷ்டம் என்னன்னா, நீண்ட காலக் கதை கிடைக்காது.

ரெண்டாவது, கேள்விச் சுமையைப் பிரிக்கிறது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்புல ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்காம, உணவு, மத்த அன்றாடச் செலவு, நீண்டகாலப் பொருள்கள்னு பிரிச்சு, ஒரே வீட்டுக்கு மூணு தடவை போய்க் கேட்டாங்க.

மூணாவதா சிலர் சொல்றது: "இதெல்லாம் எதுக்கு? டெலிவரி ஆப் டேட்டாவும் யு.பி.ஐ. டேட்டாவும் இருக்கே." கோடிக்கணக்கான வரி இருக்கு, உண்மைதான். ஆனா ஒரு ஆப்புக்குத் தன்கிட்ட வாங்கினது மட்டும்தான் தெரியும். நீங்க அந்த மாசம் வாங்கலன்னா, டீ குடிக்கிறதை விட்டீங்களா, அண்ணாச்சி கடைக்கு மாறினீங்களான்னு அதுக்குத் தெரியாது. யு.பி.ஐ.க்கு அண்ணாச்சிக்கு 240 ரூபா போனது தெரியும். அது பருப்பா சோப்பான்னு தெரியாது. பாயின்ட் கொடுத்து சர்வே நிரப்பச் சொல்ற ஆப்கள்ல வேற சிக்கல். பாயின்டுக்காகவே பத்து சர்வேயை வேகமா தட்டிவிடுறவங்க அதுல நிறைய. நம்மள்ல சிலர் காலேஜ்ல அதைச் செஞ்சும் இருப்போம்.

கடைசியா மூணு கேள்வி

நாளைக்கு ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்லைடு போட்டு 'தென் மாவட்டத்து மக்கள் இதைத்தான் விரும்புறாங்க'ன்னு சொன்னா, இல்ல ஒரு செய்தியில 'இந்தியக் குடும்பங்கள் இப்படிச் செலவு பண்ணுது'ன்னு வந்தா, மூணே மூணு கேள்வி கேளுங்க. முதல்ல யாரைக் கேட்டாங்க, யார் மறுத்தாங்க? ஆரம்பத்துல இருந்தவங்கள்ல இப்ப எத்தனை பேர் மிச்சம், போனவங்க எப்படிப்பட்டவங்க? இந்த முறைக்குக் கண்ணுக்குத் தெரியாத வாங்கல் எது?

ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முந்தின நாள், சித்திகிட்ட கேட்டேன், "திரும்ப எழுதச் சொன்னா எழுதுவீங்களா?"ன்னு. "குக்கர்தான் ஏற்கெனவே இருக்கேய்யா"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "அந்த மூணாவது வீட்டுக்காரியைக் கேக்கச் சொல்லு. அவ எழுதினாதான் உண்மையான விலைவாசி தெரியும்"னு சொன்னாங்க.

இதே மாதிரி உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது பேனல்ல இருந்திருந்தா, அவங்க எதை எழுதாம விட்டாங்கன்னு கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.